கையைக் கழுவச் சொன்ன சிவநேசம்

சிவநேசம் யாரைக் கண்டாலும் முதலில் கையைத்தான் பார்ப்பாள். முகமெல்லாம் பிறகு. தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையால் பிடிக்கிறார்களா, இரண்டு கையாலா; பெருவிரல் ஒழுங்காக மடங்குகிறதா; கதிரையிலிருந்து எழும்பும்போது எதைப் பிடிக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்தால் அந்த ஆளுக்கு எங்கே நோகிறது என்று அவளுக்கு விளங்கிவிடும். மொன்றியலில் முதியோர் இல்லமொன்றில் கால் நூற்றாண்டு பராமரிப்பு வேலை செய்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் ஒரு தையல் ஆலையில் பொத்தான் தைத்தாள். முதுகு வலித்தது, விட்டுவிட்டாள். பிரெஞ்சு படித்து, தொழிற்பள்ளியில் பராமரிப்புப் பயிற்சி முடித்து, வேலையில் சேர்ந்த முதல் கிழமையே தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள கிழவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றினாள். "பலம் தேவையில்லை, காலை எங்க வைக்கிறதெண்டு தெரிஞ்சாப் போதும்" என்று வீட்டில் வந்து சொன்னாள். அவளுடைய வாழ்க்கை முழுக்க ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. பெரிதாக மூச்சு வாங்காமல், காலைச் சரியான இடத்தில் வைத்து.

அவளுடைய கணவர் பேரின்பநாதன் வேறு ஆள். லேத் பட்டறையில் வேலை. இரும்பைக் கண்டால் பேச்சு நிற்காது. பட்டறையில் கூட வேலை செய்த கியூபெக்காரர்கள் ஒருமுறை அவரை மான் வேட்டைக்குக் கூட்டிப்போனார்கள். அன்றைக்குப் பிடித்தது. சட்டப்படி வகுப்புக்குப் போய், அனுமதி எடுத்து, பழைய துவக்கு ஒன்றும் வாங்கினார். அந்தத் துவக்குக்குத் தோட்டா இப்போது கடைகளில் கிடைப்பது அரிது. அதனால் தானே தோட்டா கட்டத் தொடங்கினார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதை எறியாமல் கொண்டுவந்து, விரிந்துபோன உடம்பை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது வெடிமருந்தும் ஈயக் குண்டும் வைத்து, மறுபடி தோட்டாவாக்குவது. அதற்கு ஒரு பிரஸ் வேண்டும். இடுப்பளவு மேசையில் பூட்டிய இரும்புச் சட்டம், நடுவில் மேலே ஏறி இறங்கும் தண்டு, பக்கத்தில் நீளமான கைபிடி. கைபிடியை இழுத்தால் தண்டு ஏறும். அவ்வளவுதான்.

பேரின்பநாதன் வாங்கியது அவர் பள்ளிக்கூடம் போன காலத்துப் பிரஸ்.

"புதுசு வாங்கேலாதோ?" என்று சிவநேசம் கேட்டாள்.

"புதுசில பாதி அலுமினியம், நேசம். இது வார்ப்பிரும்பு. உமக்கும் எனக்கும் முழங்கால் தேய்ஞ்சு போச்சு, இதுக்கு ஒரு மயிரிழை தேயேல்லை. இந்த மேல்பக்கத்துப் புரியைப் பாரும். அந்தக் காலத்தில என்ன அளவோ, அதே அளவுதான் இண்டைக்கும். கோது அழுத்திற அச்சை இண்டைக்குக் கடையில வாங்கிக் கொண்டுவந்து முறுக்கினால் அப்பிடியே ஏறும். கார் வாங்கி அஞ்சு வருசத்தில பார்ட்ஸ் இல்லையெண்டுறான். இது அப்பிடியில்லை."

"எத்தினை மான் சுட்டனியள்?"

"நான் இப்ப மானைப் பற்றியோ கதைச்சனான்?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் எப்போதும் அதே பதில்தான். சிவநேசம் கணக்குப் பார்க்கிறவள். ஒரு மானுக்கு ஒரு தோட்டா போதும். அதற்கு இத்தனை இரும்பு ஏன் என்பது அவள் பக்கம். சுட்டுப் பழகும் மைதானத்தில் எத்தனை தோட்டா செலவாகிறது தெரியுமா என்பது அவர் பக்கம். முடிவில் அவள் ஒத்துக்கொண்டாள், ஆனால் தன் சட்டத்தோடு.

செயின்ட்-மிஷேலில் அவர்களுடைய வீட்டுப் பேஸ்மென்ட், எங்கள் சனத்தின் எல்லா வீடுகளிலும் இருப்பது போல, இரண்டாவது குசினி. பொரியல், கருவாடு, மிளகாய்த்தூள் வறுக்கிறது எல்லாம் கீழே. அங்கே அடுப்பு, கிரைண்டர், பெரிய பானைகள் ஒரு சுவரோடு. பேரின்பநாதனின் மேசையும் பிரஸும் எதிர்ச் சுவரோடு. நடுவில் சிவநேசம் நிலத்தில் சிவப்பு டேப் ஒட்டினாள். தொற்று நோயாளி அறைக்கு வெளியே ஒட்டுவது போல. அந்தக் கோட்டுக்கு அப்பால் ஈயம். ஈயம் கையில் பட்டுச் சோற்றோடு உள்ளே போனால் பிறகு வெளியே எடுக்க முடியாது. ஆகவே அந்தப் பக்கம் போனால் தனிச் சட்டை, தனிச் செருப்பு. வரும்போது குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு இரண்டு தரம் கை கழுவவேண்டும். பேரின்பநாதன் வீட்டுக்குள்ளேயே எல்லை கடக்கிற மனிதராக அப்படி வருடக்கணக்கில் வாழ்ந்தார். புகார் சொன்னதில்லை.

பிறகு இரண்டாவது பிரஸ் வந்தது.

லொங்குய்யில் வீட்டுச் சாமான் விற்ற ஒரு கராஜ் சேலில், பழைய பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால், திறக்காத மரப்பெட்டி ஒன்று. உள்ளே மெழுகுத் தாளில் சுற்றியபடி அதே காலத்துப் பிரஸ், ஆனால் பெரியது. ஒருவரும் தொட்டதில்லை. தாளின் ஓரம் விலகிய இடத்தில் தெரிந்த பச்சை நிறப் பூச்சில் ஒரு கீறல் இல்லை. பேரின்பநாதன் அதைக் காரில் ஏற்றி வந்தபோது, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல் சீட் பெல்ட் போட்டிருந்தார்.

இந்தச் செய்தி லவாலில் இருந்த கிறிஸ்தோப்பருக்குப் போயிற்று. கிறிஸ்தோப்பர் மன்னாரைச் சேர்ந்தவர். பழைய பிரஸ்களைச் சேர்த்து, எண்ணெய் பூசி, அலமாரியில் அடுக்கிவைத்து, ஞாயிறு பூசை முடிந்த பிறகு ஒவ்வொன்றாகத் துடைப்பவர். ஒன்றையும் பாவிக்கமாட்டார். அவர் வந்து பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்.

"அண்ணை, இதை எனக்குத் தாங்கோ. விலையை நீங்களே சொல்லுங்கோ. ஆனா ஒண்டு, தாளைப் பிரிக்காதேங்கோ. பிரிச்சால் பெறுமதி பாதி போயிடும்."

"பாவிச்சால்?" என்று சிவநேசம் படியில் நின்று கேட்டாள்.

"ஐயோ அக்கா!" என்றார் கிறிஸ்தோப்பர், யாரோ செத்துப்போனதைக் கேட்டவர் போல.

பேரின்பநாதனுக்கு விற்கவும் மனமில்லை, பாவிக்கவும் மனமில்லை. பெட்டி மேசைக்குக் கீழே இருந்தது. "பெறுமதி ஏறுது" என்று சிலநேரம் சொல்லுவார். சிவநேசம் தூசு தட்டும்போது அதன் மூலையில் காலை இடித்துக்கொள்வாள். இப்போதைக்கு அதன் பயன் அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் கோபிகா, மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், முப்பதைத் தாண்டியவள், இனிக் கலியாணப் பேச்சே எடுக்கவேண்டாம் என்று தாய்க்குத் தடை போட்டிருந்தவள், ஒருநாள் தானாகவே வந்து சொன்னாள்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை யதுர்ஷனும் அவன்ர அம்மாவும் வருகினம்."

யதுர்ஷனைச் சிவநேசத்துக்குத் தெரியும். கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. சிலந்தியைக்கூடக் கோப்பையால் மூடி, தாளில் ஏந்தி, வெளியே விடுகிறவன். பிள்ளைகளுக்குச் சப்பாத்து நாடா கட்டிக்கட்டி அவனுடைய விரல்கள் மென்மையாகப் பழகியிருந்தன. கையைப் பார்த்ததுமே சிவநேசத்துக்குப் பிடித்துப்போயிற்று.

"நல்லது. வரட்டும். பிறகேன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்?"

"அவன்ர அம்மா தாட்சாயினி அன்ரி இருக்கிறாவெல்லே… அவவின்ர அண்ணா வன்னியில ஷெல் பட்டுச் செத்தவர். அதுக்குப் பிறகு அவவின்ர வீட்டில பட்டாசுகூடக் கொளுத்தக் கூடாது. படத்தில துவக்குச் சத்தம் வந்தால் டிவியை நிப்பாட்டிடுவா. அப்பா கீழ தோட்டா கட்டுறார் எண்டு தெரிஞ்சால், இந்த வீட்டு வாசல்லயே திரும்பிப் போயிடுவா அம்மா. அவன் தாயை மீறிச் செய்யமாட்டான். நானும் அவனை அப்பிடிச் செய்யச் சொல்லமாட்டன்."

சிவநேசம் மகளின் கையைப் பார்த்தாள். கோபிகா ஒரு பேனாவின் மூடியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடக் கடைசிச் சோதனை முடிவு வந்தபோதுகூட இந்தப் பிள்ளை இப்படிச் செய்ததில்லை.

"இஞ்சருங்கோ, கேட்டியளோ?" என்று படியில் குனிந்து கூப்பிட்டாள். "அந்த மெசினைக் கழற்றுங்கோ."

கழற்ற வரவில்லை. பிரஸை மேசையோடு பூட்டிய ஆணிகள் துருப்பிடித்து மேசையோடு ஒன்றாகிவிட்டன. மருந்தும் தோட்டாவும் துவக்கும் ஏற்கெனவே பூட்டிய அலமாரிகளில் இருந்தன. பிரஸ் மட்டும் கையை நீட்டிக்கொண்டு நின்றது. முடிவில் சிவநேசம் குசினித் துணி ஒன்றால் அதைப் போர்த்திவிட்டாள். கோபிகா, யாராவது ஏன் இந்தக் கோடு என்று கேட்டுவிடுவார்கள் என்று பயந்து, நிலத்திலிருந்த சிவப்பு டேப்பை உரித்து எடுத்துவிட்டாள். தாயிடம் சொல்லவில்லை. தவறு அங்கேதான் நடந்தது.

ஞாயிறு பின்னேரம் தாட்சாயினி வந்தாள். மெலிந்த உருவம், வேகமான நடை, கையில் கதலி வாழைப்பழமும் ஒரு பெட்டி மோதகமும். சிவநேசம் வழக்கம்போலக் கையைப் பார்த்தாள். இரண்டு பெருவிரலின் அடியும் வீங்கியிருந்தன. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்தாள். மூட்டு வாதம். போத்தல் மூடி திறக்க முடியாத கை.

பேச்சு நன்றாகவே போனது. இரண்டு பேருக்கும் நல்லூரில் ஒரே வாத்தியார் சங்கீதம் படிப்பித்து, இரண்டு பேரையும் உருப்படாது என்று விரட்டியிருந்தார். அது தெரிந்ததும் வீடு இளகியது. யதுர்ஷன் மேல்மாடிக் குளியலறையில் இருந்தபடியால், தாட்சாயினி கை அலம்பக் கீழே போனாள். சிவநேசம் அந்த நேரம் மேலே குசினியில் இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். மா சூட்டோடு இருக்கும்போதே பிழியவேண்டும். கண் வேறெங்கும் இல்லை.

தாட்சாயினி மேலே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா, கள்ளி அக்கா! கீழ அவ்வளவு பெரிய இடியப்ப உரலைத் துணியால மூடி வைச்சுக்கொண்டு, இஞ்ச மேல கையால பிழியப் போறியளோ?"

சிவநேசம் வாயைத் திறப்பதற்குள் கோபிகா முந்திக்கொண்டாள்.

"ஓம் அன்ரி, அது… அப்பா எங்கயோ வாங்கினவர். இடியப்ப உரல்தான்."

பேரின்பநாதன் மோதகத்தை வாயில் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

"கை அலம்பிப்போட்டுப் பிடியை இழுத்துப் பார்த்தனான்" என்றாள் தாட்சாயினி. "என்ன லேசு! என்ர கையால இழுக்கவே ஒண்டும் நோகேல்லை. இடியப்பம் பிழிஞ்சு எத்தினை வருசம் தெரியுமோ? கடையில வாங்கிச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு இடியப்பமே வெறுத்துப் போச்சு. எங்க, மா பதமோ?"

சொல்லிக்கொண்டே சட்டிக்குள் கையை விட்டு ஒரு கிள்ளு மாவை எடுத்தாள். உப்புப் பார்ப்பதற்காக அதை வாய்க்குக் கொண்டுபோனாள். அவளுடைய விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை இருப்பதை அப்போதுதான் சிவநேசம் கண்டாள்.

மகளின் கலியாணம், பேனா மூடி, வன்னியில் செத்த அண்ணன், எல்லாம் அந்த நிமிடத்தில் ஒரு பக்கம் நின்றன. கட்டிலில் இருந்து விழப்போகிற ஆளை நிறுத்துகிற குரல் ஒன்று சிவநேசத்திடம் இருந்தது. முதியோர் இல்லத்தில் அதைக் கேட்டால் மேல்மாடி வைத்தியர்கூட நின்றுவிடுவார்.

"வாயில வைக்காதேங்கோ!"

தாட்சாயினி நின்றாள். சிவநேசம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, வீங்கிய மூட்டில் படாமல், நேரே தொட்டிக்குக் கூட்டிப்போனாள். விரலில் இருந்த மாவைத் தட்டிவிட்டாள். குளிர்ந்த தண்ணீர். சவர்க்காரம். நகத்துக்குக் கீழே. மறுபடி சவர்க்காரம். துடைத்தும் விட்டாள். பிறகு இடியப்ப மா முழுவதையும் சட்டியோடு தூக்கிக் குப்பை வாளியில் கவிழ்த்தாள்.

"அம்மா!" என்றாள் கோபிகா.

"நல்ல மாவை ஏனக்கா கொட்டுறியள்?" தாட்சாயினியின் குரல் இப்போது மெதுவாக இருந்தது. "இடியப்ப உரலைத் தொட்ட கைதானே?"

"அது இடியப்ப உரல் இல்லை, தாட்சாயினி. தோட்டா கட்டுற பிரஸ். இவர் மான் வேட்டைக்குப் போறவர். பிரஸில ஈயம் ஒட்டியிருக்கும். அது உங்கட வயித்துக்குள்ள போகக்கூடாது." சிவநேசம் துவாயை மடித்து வைத்தாள். "உங்கட அண்ணாவைப் பற்றி எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் துணியால மூடினது. மூடினது நான். பிள்ளை பொய் சொன்னது பயத்தில."

தாட்சாயினி திரும்பித் தன் மகனைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமோ?"

யதுர்ஷன் படிக்கட்டில், முகம் கழுவிய ஈரத்தோடு, பாதி வழியில் நின்றான். "ஓம் அம்மா."

"எப்ப இருந்து?"

"…முதல்ல இருந்து."

"நல்ல பிள்ளை."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை மடியில் விரித்து நீவினாள். கோபிகா அழவில்லை, அழாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு அழுகையைவிட மோசமாக இருந்தது. பேரின்பநாதன் மோதகத்தை இன்னும் விழுங்கவில்லை.

"அண்ணை," என்றாள் தாட்சாயினி, "முதல்ல அந்த மோதகத்தை விழுங்குங்கோ. விக்கிப் போகப்போறியள்."

அவர் விழுங்கினார்.

"இப்ப கீழ வாங்கோ. அது என்னெண்டு எனக்குக் காட்டுங்கோ. பார்க்காமல் போனால் இரவு முழுக்க வேற மாதிரி நினைச்சுக்கொண்டு கிடப்பன்."

எல்லாரும் இறங்கினார்கள். சிவநேசம் இல்லத்திலிருந்து பழகிய கையுறைப் பெட்டியை எடுத்து, தாட்சாயினிக்கு ஒரு சோடி மாட்டிவிட்டாள். துணியை நீக்கினார்கள். பேரின்பநாதன் முதலில் மன்னிப்புக் கேட்கிற குரலில் தொடங்கினார். இரும்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியதும் அது தன்பாட்டில் பெருமையாக மாறிவிட்டது. வார்ப்பிரும்பு, புரி, தேயாத தண்டு. தன்னுடைய பழைய துவக்குக்கு இந்தப் பழைய பிரஸ் இல்லாவிட்டால் அந்தத் துவக்கு வெறும் இரும்புக் கம்பி என்றார்.

"வருசத்துக்கு எத்தினை மான் சுடுவியள்?" என்று தாட்சாயினி கேட்டாள்.

"ஒண்டுக்குத்தான் அனுமதி."

"போன வருசம்?"

"கிடைக்கேல்லை."

"அதுக்கு முதல் வருசம்?"

"மழை."

"அதுக்கும் முதல்?"

பேரின்பநாதன் பிரஸைப் பார்த்தார். சிவநேசம்தான் பதில் சொன்னாள். "மான் இவரைக் கண்டது. இவர் மானைக் காணேல்லை."

தாட்சாயினியின் உதடு முதலில் இறுகியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யதுர்ஷன் தொடங்கினான், கோபிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே தொடங்கினாள். பேரின்பநாதன் மட்டும், "அது பெரிய மழை" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் தாட்சாயினி சொன்னாள். "துவக்கு எனக்குப் பிடிக்காது. இனியும் பிடிக்காது. இந்தச் சாமான் ஒண்டும் என்ர மகன்ர வீட்டுக்கு வரக்கூடாது."

"வராது" என்றார் பேரின்பநாதன்.

"ஆனா அக்கா, நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம். நான் அந்த மாவைத் திண்டிருப்பன், நீங்கள் இடியப்பம் அவிச்சிருப்பியள், கதை முடிஞ்சிருக்கும். மகளின்ர கலியாணத்துக்காகக்கூட என்னை ஈயம் தின்ன விடாத சம்பந்தி எனக்குப் போதும்." கையுறை போட்ட கையால் மறுபடி கைபிடியைப் பிடித்து இழுத்தாள். தண்டு சத்தமில்லாமல் ஏறியது. "ஆனா என்ன லேசு! பாழாய்ப்போன சாமான், இது உண்மையிலேயே இடியப்ப உரலா இருந்திருக்கக் கூடாதோ?"

எல்லாருடைய கண்ணும் ஒவ்வொன்றாக மேசைக்குக் கீழே இருந்த பெட்டிக்குப் போயிற்று. முதலில் பார்த்தது சிவநேசம்.

"இஞ்சருங்கோ," என்றாள், "அந்தப் பெட்டியில இருக்கிறது ஈயமே படாதது எண்டுதானே சொன்னனீங்கள்?"

பேரின்பநாதனின் முகம், மழைபெய்த அந்த வருடத்து முகமாயிற்று.

"நேசம், அது… கிறிஸ்தோப்பர்… அதின்ர பெறுமதி…"

"என்ன பெறுமதி? வந்த நாளிலயிருந்து என்ர கால் விரலில இடிக்கிறதைத் தவிர அது ஒண்டும் செய்யேல்லை."

அவர் மகளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு தாட்சாயினியின் வீங்கிய விரல்களைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் சிவநேசத்தோடு வாழ்ந்ததில் அந்தப் பழக்கம் அவருக்கும் கொஞ்சம் தொற்றியிருக்க வேண்டும்.

"கட்டாயம் தாளைப் பிரிக்கத்தான் வேணுமோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை தாளைப் பிரித்தார்கள். கிறிஸ்தோப்பரும் வந்தார், தடுத்துப் பார்க்கலாம் என்றுதான் வந்தார். பேரின்பநாதன் பட்டறையில் துருப்பிடிக்காத உருக்கில் ஒரு குழாய் கடைந்து கொண்டுவந்திருந்தார். ஒரு முனையில் இடியப்பத் துளைகள், மறு முனையில் அந்தப் பழைய பிரஸின் புரி. முறுக்கியதும் முதல் தடவையிலேயே ஏறியது. அவருக்கு அது ஒரு வெற்றி. குழாய்க்குள் மாவைத் தள்ள, தண்டின் தலையில் பூட்டுகிற உருளையொன்றையும் அதே உருக்கில் கடைந்திருந்தார்.

"இனிப் பூச்சு" என்றாள் சிவநேசம்.

"என்ன பூச்சு?" என்றார் கிறிஸ்தோப்பர்.

"அந்தக் காலத்துப் பச்சைப் பூச்சு. அதிலயும் ஈயம் இருக்கலாம். முழுக்க உரிக்க வேணும். சாப்பாட்டுச் சாமான்."

கிறிஸ்தோப்பர் படியில் உட்கார்ந்துவிட்டார். "மோன் தியூ" என்று பிரெஞ்சில் ஒருமுறை, "மாதாவே" என்று தமிழில் ஒருமுறை சொன்னார். பட்டறையில் பூச்சு உரித்து, எண்ணெய் போக்கி, சிவநேசம் கொதிதண்ணீரால் கழுவி, உணவுக்குப் பாவிக்கிற எண்ணெய் தடவி வைத்தபோது, அந்தப் பிரஸில் சேகரிக்கிறவருக்கு வேண்டிய எதுவும் மிஞ்சவில்லை. நல்ல இரும்பு மட்டும் மிஞ்சியது.

முதல் பரீட்சைக்குத் தாட்சாயினியைக் கூப்பிட்டார்கள். மேல்குசினி மேசையில் பிரஸை இறுக்கி, குழாயில் மாவை அடைத்து, இடியப்பத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"இழுங்கோ தங்கச்சி" என்றாள் சிவநேசம்.

தாட்சாயினி இழுத்தாள். தண்டு ஏறியது. குழாய்க்கு மேலே, வானத்தைப் பார்த்து, சிவப்பு அரிசிமா இழைகள் நேராக எழும்பின. கொஞ்ச நேரம் துடைப்பத்தைத் தலைகீழாக வைத்தது போல நின்றன. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பேரின்பநாதனின் மூக்குக் கண்ணாடியில் விழுந்தன.

யாருமே யோசிக்கவில்லை. பிரஸில் தண்டு மேலே போகும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். இடியப்பம் கீழே விழவேண்டும் என்பதும் அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, நாற்பது வருடம் லேத் ஓட்டியவருக்கும்தான்.

"அன்ரி, இதைத் தோசை மாதிரித் திருப்பிப் போட்டால்?" என்றான் யதுர்ஷன். பகிடிக்குத்தான் சொன்னான்.

பேரின்பநாதன் கண்ணாடியைத் துடைத்தார். "திருப்பிப் போட்டால் கைபிடியை மேல தூக்க வேண்டி வரும். அவவின்ர கைக்கு அது கஷ்டம். ஆனா…" அவர் குனிந்து கைபிடியின் அடியைப் பார்த்தார். முகம் விரிந்தது. "இஞ்ச பாருங்கோ! இந்த ஆணியைக் கழற்றிக் கைபிடியை மற்றப் பக்கம் பூட்டலாம். மேல தூக்கினாலும் வேலை செய்யும், கீழ அமத்தினாலும் வேலை செய்யும். அந்தக் காலத்துக்காரன் இரண்டுக்கும் இடம் விட்டு வைச்சிருக்கிறான். இப்ப வாற கனக்கப் புதுசில இது இல்லை. நேசம், நான் சொன்னனான் எல்லே, பழசு பழசுதான்!"

"சொன்னனீங்கள். இப்ப நெத்தியில இருக்கிறதையும் துடையுங்கோ."

அவர் ஒரு தாங்கி செய்தார். பிரஸ் அதில் தலைகீழாகத் தொங்கியது. கைபிடியை ஒரு தரம் அமத்தினால், குழாயிலிருந்து ஒரு இடியப்பத்துக்கு அளவான மா, வட்டமாக, தட்டில் வந்து விழுந்தது. ஒரு அமத்தல், ஒரு இடியப்பம். பெருவிரலுக்கு வேலையே இல்லை; முழங்கை மட்டும் போய் வந்தது. சிவநேசம் பக்கத்தில் நின்று தாட்சாயினியின் தோளைப் பிடித்துக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். "இந்தக் காலை முன்னுக்கு வையுங்கோ. ஓம், அப்பிடி. உடம்புப் பாரம் போகட்டும்."

கலியாணம் வைகாசியில் நடந்தது. மறுநாள் காலை லவாலில் தாட்சாயினியின் வீட்டில் இரண்டு பக்கத்துச் சனமும் கூடியிருந்தது. குசினி மேசையில் அந்த இரும்பு தொங்க, தாட்சாயினி நின்று பிழிந்துகொண்டிருந்தாள். சொதியும் சம்பலும் பக்கத்து அடுப்பில். பெண்டுகள் எல்லாரும் ஒருக்கால் அமத்திப் பார்க்க வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். மூன்று பேர் எங்கே வாங்கினது என்று கேட்டார்கள். பேரின்பநாதன் அந்த மூன்று பேருக்கும் புரியைப் பற்றித் தனித்தனியாக விளக்கினார். கோபிகா இரவு நித்திரை இல்லாத முகத்தோடும், புதுத் தாலிக்கொடியைச் சேலைக்குள் தள்ளியபடியும், தட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். யதுர்ஷன் சின்னப் பிள்ளைகளை வரிசைப்படுத்தி ஆளுக்கு ஒரு அமத்தல் கொடுத்தான்.

கிறிஸ்தோப்பர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, பூச்சில்லாத, தலைகீழான, மா ஒட்டிய அந்தப் பிரஸை நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் துக்கம் இருந்தது. பிறகு பசியும் வந்தது. மெதுவாக முன்னுக்கு வந்து கைபிடியைப் பிடித்தார்.

"அக்கா, ஒருக்கால் நான் அமத்தலாமோ?"

தாட்சாயினி விலகி இடம் விட்டாள். ஆனால் சிவநேசம் ஏற்கெனவே அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்குக் கீழே கறுப்பு. காலையிலும் தன் பிரஸ்களைத் துடைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"கிறிஸ்தோப்பர், தொட்டி அந்தப் பக்கம்" என்றாள். "இரண்டு தரம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய் வரிசையில் கடைசியில், சவர்க்காரத்துக்குக் காத்துநின்ற பிள்ளைகளுக்குப் பின்னால், நின்றார்.